பூனையிடம் படித்த சிங்களம்

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1998ஆம் ஆண்டு உயர்தரப் பிரிவு மாணவி. சிறுவர் நோய் வைத்தியர்.)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் அவர் நீரிழிவைப் பற்றியோ மார்பகப் பரிசோதனையைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். செயலாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார். "என்ன தலைப்பு, டொக்டர்?" என்று கேட்டு அவர் அனுப்பிய செய்திக்கு நான் "கார்ட்டூன்" என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "சரி, பிள்ளைகளுக்கும் ஏதாவது வேணும்தானே" என்று எழுதினார். இது பிள்ளைகளுக்கான பேச்சு அல்ல. ஆனால் பிள்ளைகள் கேட்டாலும் பாதகமில்லை.

கதை மிலானில் தொடங்குகிறது. என் வகுப்புத் தோழி ஒருத்தி பத்து வருடங்களுக்கும் மேலாக இத்தாலியில் இருக்கிறாள். எங்கள் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி. அங்கே அவள் செய்வது முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. தொண்ணூறை நெருங்கும் ஒரு அம்மையாரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். போன வருடம் ஒரு நாள் தொலைபேசியில், "உனக்கொரு படம் அனுப்புறன், பார். நான் இத்தாலியன் படிச்சது இதிலதான்" என்றாள். நான் ஏதோ காதல் படமாக்கும் என்று நினைத்தேன். வந்தது ஒரு கௌபோய் கார்ட்டூன்.

படத்தின் பெயர் "வெஸ்ட் அன்ட் சோடா". 1965இல் வெளிவந்தது. எடுத்தவர் புரூனோ பொசெட்டோ. மிலானைச் சேர்ந்தவர், அப்போது வயது 27. கதை நமக்குப் பழகிய கதைதான். வறண்ட நிலத்தின் நடுவே ஒரேயொரு பச்சைப் பள்ளத்தாக்கு. அது கிளெமென்டைன் என்ற பெண்ணுக்குச் சொந்தம். ஊர் முழுவதையும் வளைத்துப்போட்ட பணக்காரன் அந்த நிலத்துக்காக அவளைக் கலியாணம் கட்டத் துடிக்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். எங்கிருந்தோ ஜொனி என்றொருவன் வருகிறான். அவனோ சண்டை பிடிக்க விரும்பாத கதாநாயகன். இதற்கிடையில் சோக்ரட்டீஸ் என்று ஒரு நாய். தத்துவ ஞானியின் பெயர், வேலையோ குடிப்பது. எம்.ஜி.ஆர். படத்தில் வரும் பண்ணையாரையும் கௌபோய் படத்தின் துப்பாக்கியையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நடுச்சாமத்தில் தனியாக இருந்து சிரித்தேன்.

தோழியின் அம்மையாருக்கு இந்தப் படம் இளவயதில் பார்த்த படமாம். இப்போது மறதி நோய். பல நாட்களில் தன் மகளைக்கூட அடையாளம் தெரிவதில்லை. ஆனால் இந்தப் படத்தைப் போட்டால் நாய் வரும் இடத்துக்கு முன்னமே சிரிக்கத் தொடங்கிவிடுவாராம். பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து என் தோழிக்கு அந்த மொழி பிடிபட்டுவிட்டது.

அதைக் கேட்டதும் எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. ஏனென்றால் நான் சிங்களம் படித்ததும் அப்படித்தான்.

என் கதைக்கு வருமுன் ஐந்து நிமிடம் இந்தக் கார்ட்டூன் என்ற சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் என்ற முறையில் எனக்கு அது சுவாரசியமான விஷயம். திரையில் படம் அசைவதில்லை. வினாடிக்கு 24 தனித்தனிப் படங்கள் வந்து போகின்றன, அவ்வளவுதான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தை எங்கள் மூளைதான் நிரப்பிக்கொள்கிறது. பூனை ஓடுவது திரையில் அல்ல, பார்ப்பவரின் தலைக்குள். பல கார்ட்டூன்களில் ஒரே படத்தை இரண்டு தடவை காட்டி வினாடிக்கு 12 படத்தோடு சமாளிப்பார்கள். அப்போதும் மூளை குறை சொல்லாமல் நிரப்பிக்கொள்ளும். இந்த "நிரப்புதல்" என்ற சொல்லை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். பின்னால் ஒரு இடத்தில் வேண்டியிருக்கிறது.

வினாடிக்கு 12 என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலப் படத்துக்கு 43,200 படம் வேண்டும். ஆகவே இது எப்போதும் பணமும் ஆட்களும் விழுங்கும் தொழில். ஹொலிவுட்டில் டிஸ்னி நிறுவனம் 1937இல் "ஸ்னோ வைட்" எடுத்தபோது, வரைந்த கோடுகளைக் கண்ணாடித் தாள்களில் மையால் பிரதி எடுத்து நிறம் தீட்டிய பெரும் வேலையைச் செய்தவர்கள் பெண்கள். பாத்திரங்களை வரைந்து நடமாட வைக்கும் வேலை அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களுக்கு. இதைப் பெண்கள் பாடசாலை மண்டபத்தில் சொல்லாமல் விட்டால் எங்கள் பழைய அதிபர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்று எங்களிடம் முழுதாக இருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது ஒரு பெண் எடுத்தது. ஜேர்மனியைச் சேர்ந்த லொத்தே ரைனிகர். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி உருவங்கள் செய்து, கீழிருந்து வெளிச்சம் காட்டி, ஒவ்வொரு அசைவாகப் படம் பிடித்தார். நம் தோற்பாவை நிழற்கூத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். "இளவரசர் அஹமட்" என்ற அந்தப் படம் வெளிவந்தது 1926இல். எங்கள் சங்கத்துக்கு நூறு வயதாகும் இந்த வருடம் அதற்கும் நூறு வயது.

இத்தாலிக்காரர் முழுநீள அனிமேஷனுக்கு வந்தது பிந்தித்தான். "பக்தாத்தின் ரோஜா" என்ற படத்தைப் போர்க் காலத்தில் தொடங்கினார்கள். மிலானில் குண்டு விழ, வரைந்த தாள்களையும் ஆட்களையும் கட்டிக்கொண்டு வெளியூருக்கு இடம்பெயர்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். இடம்பெயர்தல் என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படம் 1949இல் வெளிவந்தது. பின்னர் அதை ஆங்கிலத்தில் குரல்மாற்றம் செய்தபோது இளவரசிக்குக் குரல் கொடுத்தவர் பதின்ம வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. அவர் பெயர் ஜூலி அன்ட்ரூஸ். "சவுண்ட் ஒஃப் மியூசிக்" பாடல்களை எங்கள் சங்கீத அறையில் தொண்டை நோகப் பாடிய அத்தனை பேருக்கும் இந்தச் செய்தி சமர்ப்பணம்.

1949க்குப் பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் இத்தாலியக் கார்ட்டூன்காரர்களுக்குச் சோறு போட்டது தொலைக்காட்சி விளம்பரம். 1957 முதல் 1977 வரை அங்கே "கரோசெல்லோ" என்றொரு இரவு நிகழ்ச்சி. விளம்பரம் தனியே வரக்கூடாது; முதலில் ஒரு குட்டிக் கதை சொல்ல வேண்டும், கடைசியில்தான் சவர்க்காரத்தின் பெயரோ கோப்பியின் பெயரோ வரலாம். கரோசெல்லோ முடிந்ததும் படுக்கைக்குப் போவது அந்நாட்டுப் பிள்ளைகளின் வழக்கமாக இருந்தது. நூற்றுக்கணக்கில் குட்டிக் கதைகள் தேவைப்பட்டதால் சித்திரக்காரர்களுக்குத் தொழிலும் கைப்பழக்கமும் கிடைத்தன. பொசெட்டோவும் விளம்பரப் படங்கள் செய்தவர். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் அவரும் நண்பர்களும் "வெஸ்ட் அன்ட் சோடா"வில் இறங்கினார்கள். அவர்கள் வேலையைத் தொடங்கியபோது செர்ஜியோ லியோனேயின் முதல் கௌபோய் படம் இன்னும் வெளிவந்திருக்கவில்லை. அது 1964இல் வந்து உலகப் புகழ் பெற்றது. ஆகவே இத்தாலியக் கௌபோய் படங்களைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பொசெட்டோ பகிடியாக உரிமை கோருவதுண்டு.

இதெல்லாம் மிலான். இதில் கொழும்புக்கு என்ன வேலை?

இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த 1948இல் எங்கள் நாட்டில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. செய்திப் படங்களும் விவரணப் படங்களும் எடுப்பது அதன் வேலை. அதன் ஆரம்ப வருடங்களில் வேலை நடத்தவும் பழக்கவும் இத்தாலியிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஜூலியோ பெத்ரோனி, இயக்குநர். மற்றவர் ஃபெதெரிகோ சேர்ரா, ஒளிப்பதிவாளர். இந்தப் பெத்ரோனி ஊர் திரும்பிப் பின்னாளில் என்ன எடுத்தார் தெரியுமா? கௌபோய் படங்கள். 1967இல் லீ வான் க்ளீஃபை வைத்து அவர் எடுத்த பழிவாங்கும் கதைக்கு இசை என்னியோ மொரிக்கோனே. அந்த இசையின் ஒரு துண்டைப் பல வருடங்களின் பின் ஹொலிவுட்காரர் "கில் பில்" படத்தில் எடுத்துப் போட்டார்கள். கொழும்பின் வெயிலில் விவரணப் படம் எடுத்த மனிதர், பிறகு குதிரையும் துப்பாக்கியுமாக வெயில் காய்ந்த நிலங்களைப் படம் பிடித்தார்.

அவர்கள் தொடக்கத்தில் வேலை செய்த அந்தப் பிரிவில் பின்னர் மூன்று இளைஞர்கள் சேர்ந்தார்கள்: லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லி பிளேக், டைட்டஸ் தொட்டவத்த. மூவரும் அரசாங்க வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து 1956இல் "ரேகாவ" படத்தை உருவாக்கினார்கள். இலங்கைச் சினிமாவை ஸ்டூடியோச் சுவர்களுக்கு வெளியே, ஊர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த படம் அது. அதன் படத்தொகுப்பாளர் தொட்டவத்த. பொசெட்டோவின் கௌபோய் மிலானில் வெளிவந்த அதே 1965இல் தொட்டவத்த கொழும்பில் காமினி பொன்சேகாவை வைத்து "சண்டியா" எடுத்தார். 1979இல் ஒரு குதிரைக் குட்டியையும் சிறுவர்களையும் வைத்து அவர் எடுத்த "ஹந்தயா", இத்தாலியில் ஜிஃபோனி சிறுவர் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. சுற்றிச் சுற்றி மறுபடியும் இத்தாலி.

ஆனால் நான் அவருக்குக் கடன்பட்டிருப்பது இந்தப் படங்களுக்காக அல்ல. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் குரல்மாற்றம் செய்யும் வேலையை அங்கே முன்னின்று செய்தவர் தொட்டவத்த. அமெரிக்காவின் "டொப் கட்" பூனை அவர் கையில் "பிஸ்ஸு பூசா" ஆனது. அதாவது பைத்தியக்காரப் பூனை. முயல் பக்ஸ் பனி "ஹா ஹா ஹரி ஹாவா" ஆனார். மிருகங்களோடு பேசும் டொக்டர் டூலிட்டில் "தொஸ்தர ஹொந்தஹித" ஆனார், நல்ல மனமுள்ள வைத்தியர். அவர் வசனங்களை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பூனை கொழும்பில் ஏதோ ஒரு ஒழுங்கையில் பிறந்து வளர்ந்திருந்தால் எப்படிப் பேசுமோ, அப்படிப் பேச வைத்தார். வாய் அசையும் நேரத்துக்குள் அந்த வசனம் சரியாக அடங்கவும் வேண்டும். படத்தொகுப்பில் ஊறிய கைக்கு அது வசப்பட்டது.

இப்போது என் கதை.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தோம். அம்மம்மா வீடு கொட்டாஞ்சேனையில். 1983 ஜூலையில் எனக்கு நாலு வயது. அகதி முகாமாக மாறியிருந்த பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் சில நாட்கள், பிறகு உறவினர் வீட்டில் சில மாதங்கள். திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கள் இருந்தன. அப்பா ஆசையாக வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. அடுத்த ஐந்து வருடமும் எங்கள் வீட்டில் அது இல்லை.

இரண்டு வீடு தள்ளி ஒரு சிங்கள ஆன்ரி இருந்தா. பின்னேரம் அவர்கள் வீட்டு யன்னலில் நான் எக்கி நின்று பார்ப்பதைக் கண்டு உள்ளே வா என்று கூப்பிட்டா. அம்மாவுக்கு மனமில்லை. அந்த மொழியின் சத்தம் அம்மாவுக்கு அப்போது வேறு பல சத்தங்களை நினைவூட்டியது. அது இன்று எனக்கு விளங்குகிறது, அன்று விளங்கவில்லை. அப்பாதான், "பிள்ளை சிரிக்கட்டும், விடும்" என்றார்.

முதல் கிழமை ஒரு சொல்லும் விளங்கவில்லை. பூனை ஏதோ சொல்லும், ஆன்ரியின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பூனையின் முகத்தைப் பார்த்து அது சொன்னது என்னவாக இருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்வேன். முன்னர் சொன்னேனே, நிரப்புதல். இரண்டு படங்களுக்கு இடையில் மூளை செய்வதை நான் இரண்டு சொற்களுக்கு இடையில் செய்தேன். ஆறு மாதத்தில் இடைவெளிகள் குறைந்தன. ஒரு வருடத்தில் ஆன்ரியின் பிள்ளைகள் சிரிக்குமுன் நான் சிரித்தேன். பாடசாலையில் இரண்டாம் மொழிப் பாடம் பிறகுதான் வந்தது. அது எழுத்தைக் கற்றுத் தந்தது. மொழி முன்னமே பூனையிடமிருந்து வந்துவிட்டது.

வைத்தியராக வேண்டும் என்ற ஆசையும் அந்த வீட்டுத் தரையில் இருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். தொஸ்தர ஹொந்தஹித எல்லா மிருகங்களோடும் அவற்றின் மொழியிலேயே பேசுவார். இந்தக் கதையை எழுதிய ஹியூ லொஃப்டிங், முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் தொடங்கிய கதை இது. புத்தகமாக வந்தது 1920இல். அதில் டூலிட்டில் முதலில் மனிதர்களுக்கு மருத்துவம் பார்க்கும் சாதாரண வைத்தியர். மிருகங்களின் மொழியை அவருக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வீட்டுக் கிளி. வைத்தியருக்குக் கிளி வாத்தியார், எனக்குப் பூனை வாத்தியார்.

இந்தப் பூனைச் சிங்களம் எனக்குக் கைகொடுத்த ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், கொட்டாஞ்சேனையில் அம்மம்மாவைப் பார்த்துவிட்டு வரும் வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும். அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போனதால் வந்த வினை. சாவடியில் நின்ற இளம் சிப்பாய் கேள்வி மேல் கேள்வி கேட்க, நான் பயத்தில் வாயில் வந்த சிங்களத்தைக் கொட்டினேன். நடுவில் பிஸ்ஸு பூசா பொலிஸ்காரரைச் சமாளிக்கச் சொல்லும் ஒரு வார்த்தை அப்படியே, அதே ராகத்தோடு, வந்து விழுந்தது. அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். அவனும் எங்கேயோ ஒரு ஊரில் அதே பின்னேரங்களில் தரையில் இருந்து அதே பூனையைப் பார்த்திருக்கிறான். அட்டையைத் திருப்பித் தந்தான். எல்லாச் சோதனைச் சாவடியும் அப்படி முடியவில்லை. என் வகுப்பிலேயே பலருக்கு அப்படி முடியவில்லை. அதை மறைத்து இதை ஒரு இனிப்பான கதையாக்க நான் விரும்பவில்லை. அன்று எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

நான் பயிற்சி முடித்த புதிதில் ஒரு வைத்தியசாலையில் நடந்தது. எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். ஒரு தாய் இரண்டு வயதுப் பிள்ளையைக் காய்ச்சலோடு கொண்டுவந்திருந்தார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். காலைக் கடமையில் இருந்த இளம் வைத்தியர் நல்லவர், கெட்டிக்காரர். தமிழில் அவருக்குச் சில சொற்கள் தெரியும். எங்கே வலி, எத்தனை நாள், சாப்பிட்டதா, இப்படி. தாய் அழுதழுது சொன்னார். அவர் கேட்டார், எழுதினார்: காய்ச்சல், வலி. பரசிட்டமோல் கொடுக்கப்பட்டது.

பின்னேரம் நான் கடமைக்கு வந்தபோது என் பெயரைப் பார்த்துவிட்டுத் தாய் கையைப் பிடித்துக்கொண்டார். "டொக்டர், பிள்ளைக்கு வலிப்பு வந்தது, ரெண்டு தரம் வந்தது, நான் சொன்னனான், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

வலி. வலிப்பு. எங்களுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். தமிழில் பத்துச் சொல் தெரிந்த ஒருவரின் காதுக்கு முதல் இரண்டு எழுத்தும் ஒன்று. மிச்சத்தை அவரது மூளை நிரப்பிக்கொண்டது, தனக்குத் தெரிந்த சொல்லால். மூளை எல்லோருக்கும் செய்வதைத்தான் அவருக்கும் செய்தது. ஆனால் அன்று பூனை ஓடவில்லை.

பிள்ளை பிழைத்தது. அன்றிரவே தேவையான பரிசோதனைகள் செய்து, சில நாட்களில் சுகமாக வீட்டுக்குப் போனது. அந்த வைத்தியரிடம் நான் சொன்னபோது அவர் முகம் வெளிறிப் போயிற்று. "எனக்கு இப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது" என்றார். நான் கோபமாகத்தான் போயிருந்தேன், ஆனால் கோபம் நிற்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு யோசனை. அவர் மொழியை எனக்குச் சிரிக்கச் சிரிக்கக் கற்றுத்தர ஒரு பூனை இருந்தது. என் மொழியை அவருக்குக் கற்றுத்தர என்ன இருந்தது? அவர் சிறுவயதில் தமிழில் கேட்ட ஏதாவது அவரைச் சிரிக்க வைத்ததா? தரையில் இருந்து தமிழ் கேட்டுச் சிரிக்க அவரை யாராவது தங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டார்களா?

எங்களிடம் குரல்கள் இல்லாமல் இல்லை. இலங்கை வானொலியின் "சிறுவர் மலர்" எத்தனை தமிழ்க் குரல்களை வளர்த்தது என்பது இங்கிருக்கும் மூத்த அக்காமாருக்குத் தெரியும். ராஜேஸ்வரி சண்முகம் அவர்களின் குரலைக் கேட்டபடி எங்கள் அம்மாமார் சமைத்தார்கள். ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளில் என்னைத் தமிழில் சிரிக்க வைத்த கார்ட்டூன் ஒன்றும் இல்லை. 2007இல் சென்னையில் சுட்டி ரி.வி. தொடங்கிய பிறகு டோராவும் புஜ்ஜியும் வந்தார்கள். என் மகன் அதைப் பார்த்து வளர்ந்தவன். அவன் கோபம் வந்தால் சென்னைத் தமிழ் பேசுவான். அம்மம்மாவிடம் "அது வந்து பாட்டி" என்பான். அம்மாவுக்கு அதில் பெரிய மனவருத்தம். நான் சொல்வேன், பரவாயில்லை அம்மா, எனக்கும் கோபம் வந்தால் பூனையின் சிங்களம்தான் வருகிறது என்று. பிள்ளை எந்த மொழியில் சிரிக்கிறதோ அந்த மொழி அதற்குச் சொந்தமாகிவிடுகிறது.

அன்பானவர்களே, புலம்பலோடு முடித்தால் எங்கள் பழைய வகுப்பாசிரியை "சரி, அதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார். முன் வரிசையில் இருக்கிறார், கேட்கவும் கூடும். ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

நூற்றாண்டு நினைவாக நாங்கள் ஒரு குட்டிக் கார்ட்டூன் செய்வோம். நாற்பது வினாடி போதும். வினாடிக்கு 12 படம் என்றால் 480 படம். இன்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் 240 பேர் ஆளுக்கு இரண்டு வரைந்தால் முடிந்தது. சித்திர ஆசிரியையிடம் பேசிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரியை வரைந்து தருவார்கள், நாங்கள் அதன் மேல் தாள் வைத்துப் பிரதி எடுக்க வேண்டியதுதான். கமெராவுக்கு ஒரு கைத்தொலைபேசி போதும்.

கதை இது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். திடீரென்று கையும் காலும் உதறுகிறது. வீட்டார் பதறுகிறார்கள். ஒருவர் கரண்டியை வாயில் வைக்க ஓடி வருகிறார், ஒருவர் இரும்புத் திறப்பைக் கையில் திணிக்க வருகிறார். அங்கே ஒரு பூனை. பூனை இருவரையும் தடுக்கிறது. வாயில் ஒன்றும் வைக்காதே. திறப்பு வேண்டாம். கை காலை அமுக்கிப் பிடிக்காதே. பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வை. மணிக்கூட்டைப் பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே வைத்தியசாலை. நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் கட்டாயம் காட்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு இப்படி வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலானவை ஆபத்தில்லாமல் தானாகவே நிற்கும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். கடைசிக் காட்சியில் வைத்தியர் "வலியா?" என்று கேட்கிறார். பூனை தலையை ஆட்டி, "வலி இல்லை டொக்டர், வலிப்பு" என்று இரண்டு தரம் சொல்கிறது.

அதே படத்துக்கு இரண்டு குரல். ஒன்று தமிழ், தாய்மாருக்கு. மற்றது சிங்களம். அதில் அந்தக் கடைசிச் சொல் மட்டும் தமிழிலேயே இருக்கும், வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டு அவர்கள் முதலில் சிரிக்கட்டும். சிரித்துக் கேட்ட சொல் மறக்காது, எனக்கு மறக்கவில்லை.

குரல் கொடுக்க ஆட்கள் வேண்டும். ரொறொன்ரோவில், லண்டனில், மெல்பேர்னில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இதற்கு விமானச் சீட்டு வேண்டாம், நன்கொடை வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு அறைக்குள் போய்க் கைத்தொலைபேசியில் பேசி அனுப்புங்கள். தாயாக யார், பதறும் அம்மம்மாவாக யார் என்று செயற்குழு தெரிவு செய்யும். பேச்சுப் போட்டியில் எனக்கு எதிராக எப்போதும் வென்றவர்கள் இங்கே நாலு பேர் இருக்கிறீர்கள். இப்போதாவது எனக்காகப் பேசுங்கள்.

பூனைக்கு மட்டும் ஆள் பார்த்தாயிற்று. மிலானில் இருக்கும் என் தோழியைக் கேட்டேன். "நான் இஞ்ச ஒரு கிழவிக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிறன், எனக்கெங்க அதுக்கு நேரம்" என்றாள். அடுத்த நாள் விடிய என் தொலைபேசியில் ஒரு குரல் பதிவு இருந்தது. பின்னால் அந்த அம்மையாரின் இருமல் கேட்டது. முன்னால் என் தோழி, பாடசாலை நாடகத்தில் நரியாக நடித்த அதே குரலில், "வலி இல்லை டொக்டர், வலிப்பு" என்று ஏழு விதமாகச் சொல்லியிருந்தாள். நாலாவது நன்றாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.